மந்திரியும் மாண்டரினும்

"மாண்ட அறிஞர் என்பதே மாண்டரின் ஆயிற்று! சீனத்து அதிகாரிக்குப் பெயர் ஈந்ததும் நம் தமிழே!"

படிப்பகக் கூட்டத்திலே தோழர் ஒருவர் இப்படி முழங்கினார். கையொலி கூரையைப் பிளந்தது. நாமும் தட்டினோம். இல்லம் திரும்பும் வழியிலேதான் உறுத்தல் தொடங்கிற்று. மாண்ட என்றால் மாட்சிமை பெற்ற என்றும் பொருள். செத்துப்போன என்றும் பொருள். சீனத்து அதிகாரிகள் இதில் எந்த மாண்டவர்கள்? எந்த ஏட்டிலே, எந்த ஆண்டிலே அச்சொல் முதலில் வந்தது? தட்டிய கைகளில் ஒன்றேனும் உயர்ந்து இதைக் கேட்கவில்லை, நம் கை உட்பட.

வேதம் ஓதுவோனிடம் சான்று கேட்கிறோம். புராணம் படிப்போனிடம் ஆண்டு கேட்கிறோம். நம் மேடையிலே நின்று பேசுவோரிடம் மட்டும் கேட்கக்கூடாதா? ஆகவே அந்த ஒரு சொல்லின் வழியைத் தேடிப் புறப்பட்டோம்.

மாண்டரின், வடமொழியின் 'மந்த்ரின்' என்பதன் வழிவந்த சொல். மந்திரி என்று நம் பாட்டிமார் கதை சொல்லும்போது வருவானே, அவனேதான். இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒளித்தால் நகைப்புக்கு ஆளாவது நாமே.

'மன்' என்பது அம்மொழியிலே எண்ணுதலைக் குறிக்கும் வேர். 'த்ர' என்பது கருவியைக் குறிக்கும் ஈறு. எண்ணுதற்குக் கருவி எதுவோ அது மந்த்ரம். இலத்தீனின் 'மென்ஸ்', ஆங்கிலத்தின் 'மைண்டு' ஆகியவை அந்த வேரின் உறவுகள். பழம்பாரசீகச் சமயநூலாகிய அவெத்தாவிலும் இச்சொல்லின் உடன்பிறப்பு உண்டு. எண்ணத்தின் கருவி என்று பிறந்த சொல், பொருள் தெரியாமல் முணுமுணுப்பதற்குப் பெயராகிவிட்ட கொடுமையை என்னென்பது! இந்நாளில் ஆங்கில ஏடுகள், அரசியல்வாதி ஓயாமல் சொல்லும் முழக்கத்துக்கும் 'மந்த்ரா' என்றே பெயரிடுகின்றன. பொருத்தம்தான்.

அந்த வேரிலிருந்து இன்னொரு கிளையும் பிரிந்தது. அரசனோடு தனித்திருந்து எண்ணுகிறவன், ஆய்வுரை சொல்கிறவன் மந்த்ரின் எனப்பட்டான். கௌடிலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரம் அவனைப் பொது அதிகாரிகளாகிய அமாத்தியர்களினின்று பிரித்தே வைக்கிறது. பலரை அமாத்தியராக்கலாம், ஆனால் எல்லோரையும் மந்த்ரின் ஆக்கக்கூடாது என்கிறது. ஊதியப் பட்டியலிலே அவனுக்கு 48,000 பணம்; புரோகிதருக்கும் அதே தொகை, அரசனின் தாய்க்கும் அதே தொகை! ஆய்வுரை நடக்கும் இடத்திலே பறவைகளும் இருக்கலாகாது. கிளியும் மைனாவும் நாயும் மறைபொருளை வெளியாக்கியதாகக் கேள்வி என்று அந்நூல் எச்சரிக்கிறது. நாய் எப்படி வெளியாக்கிற்று என்பதை மட்டும் விளக்கவில்லை.

இந்த மந்த்ரின் கப்பலேறினான். வணிகரும் அவரோடு சென்ற துறவியரும் பார்ப்பனரும் தென்கிழக்காசிய மன்னரவைகளிலே வடமொழியை வைத்தனர். அங்கெல்லாம் அரசுப் பட்டங்கள் அம்மொழியின் ஆடையை உடுத்தின. சாவகத்தின் மசபாகித்துப் பேரரசிலே உயர் அதிகாரிகள் மந்த்ரி எனப்பட்டனர். தாய்லாந்திலே 'ரட்டமொன்ட்ரி' என்றால் இன்றும் அமைச்சர். இராட்டிரமும் மந்திரியும் சேர்ந்த தொகை அது. மலாய் மொழியிலே மெந்தரி. மலாக்காவில் இசுலாமியச் சுல்தான்கள் ஆண்டபோதும் அப்பெயர் மாறவில்லை. கடற்படைத் தலைவனுக்கு அங்கே 'லக்சமணா' என்று பட்டம்! இராமகாதைத் தம்பியின் பெயர், தொழுகைக்குச் செல்லும் தளபதியின் பெயராயிற்று. மலேசியத் தலைமை அமைச்சர் இன்றும் 'பெர்தானா மெந்தரி'. பிரதானம், மந்திரி இரண்டுமே வடசொல். சமயத்தைச் சொல் சுமந்து செல்லும் என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

சாவகத்திலே கதை இன்னும் சுவையானது. டச்சுக்காரர் ஆட்சியிலே மந்த்ரி என்னும் பட்டம் படியிறங்கிப் படியிறங்கிச் சிற்றதிகாரிகளிடம் வந்து சேர்ந்தது. அம்மை குத்துகிறவர் ஒரு மந்த்ரி. உள்ளூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் 'மந்த்ரி குரு'. (ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இதைப் படித்தபோது சற்றே மார்பு விரிந்தது உண்மை. ஊதியத்தை எண்ணியவுடன் சுருங்கிவிட்டது.) இந்தோனேசியாவிலே ஆண் செவிலியரையும் மந்த்ரி என்று அழைப்பது வழக்கம். அமைச்சரவையில் அமர்பவர் மெந்தரி. ஊசி போடுகிறவர் மந்த்ரி. ஒரே சொல்லின் இரு பிள்ளைகள்! ஒருவர் மாளிகையில், மற்றவர் சிற்றூர் மருத்துவமனையில். பிறப்பு ஒன்றே, உயர்வும் தாழ்வும் மனிதர் வைத்தது.

1511ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். மெந்தரி என்ற சொல் அவர்கள் காதிலே விழுந்தது. அவர்கள் மொழியிலே 'மந்தார்' என்றால் கட்டளையிடுதல். கட்டளையிடுகிறவன்தானே அதிகாரி! தெரிந்த சொல்லின் சாயலைத் தெரியாத சொல்லுக்கு ஏற்றி 'மந்தரிம்' ஆக்கிவிட்டனர். கீழ்த்திசை அதிகாரிகளுக்கு அப்பெயரை இட்டுப் பழகியவர்கள், சீனம் சென்றபோது அங்கிருந்த அதிகாரிகளையும் அவ்வாறே அழைத்தனர். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இச்சொல் அவர்கள் எழுத்தில் வந்துவிட்டது. சீனர் தம் அதிகாரியை மாண்டரின் என்று அழைத்ததே இல்லை. அவர்களுக்கு அவர் 'குவான்'. அக் குவான்களின் பொதுப்பேச்சு 'குவான்ஹுவா', அதாவது அதிகாரிகள் மொழி. ஐரோப்பியர் அதையும் மாண்டரின் என்றனர். தேர்வு எழுதிப் பதவி பெறும் அந்த முறை 1905இல் ஒழிந்தது. சில ஆண்டுகளில் மன்னராட்சியும் வீழ்ந்தது. பெயர் மட்டும் மொழியின்மீது ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் நம் படிப்பகத் தோழருக்கு ஒரு சீனத் தோழர் கிடைக்கிறார். 'மன் தா ரென்', அதாவது மஞ்சூரியப் பெருமகன் என்ற சீனத் தொடரே மாண்டரின் ஆயிற்று என்று அங்கேயும் கூறுவோர் உண்டு. ஒலி எவ்வளவு இனிதாகப் பொருந்துகிறது பாருங்கள்! மாண்ட அறிஞரைவிட நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மஞ்சூரியர் பெய்சிங்கில் அரியணை ஏறியது 1644இல். போர்த்துக்கீசியர் மந்தரிம் என்று எழுதியது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே. தந்தை பிறப்பதற்கு முன் மகன் பிறப்பதுண்டோ? புராணத்தில் உண்டு; வரலாற்றில் இல்லை. ஓர் ஆண்டுக் குறிப்பு போதும், அழகிய கோட்டை ஒன்று சரிந்துவிடுகிறது.

பிற்காலத்தில் பழமொன்றுக்கும் அப்பெயர் போயிற்று. நம் அங்காடியில் கமலா ஆரஞ்சு என்று விற்கும் இனத்தை மேல்நாட்டார் மாண்டரின் ஆரஞ்சு என்பர். சீன அதிகாரிகளின் உடை நிறத்தால் வந்த பெயர் என்று சொல்வாருண்டு. ஆரஞ்சு என்பதோ நாரங்கம் என்பதிலிருந்து பாரசீகம், அரபி வழியாகச் சென்றது. நாரங்கத்துக்கு மூலம் திராவிடமாகலாம் என்பது மொழிநூலார் பலர் கருத்து. நம் நார்த்தையோடு ஒப்பிடுவர். ஒரே பழத்தின் பெயரிலே வடக்கும் தெற்கும் தோளோடு தோள் சேர்ந்திருக்கின்றன.

அப்படியானால் மந்திரி என்றே சொல்லிவிடலாமே, அமைச்சர் எதற்கு என்று கேட்கும் வைதிக நண்பர் உண்டு. அவருக்கும் ஒரு சொல். திருக்குறளின் அறுபத்து நான்காம் அதிகாரத்துக்குப் பெயர் அமைச்சு. அதே அதிகாரத்திலே, 639ஆம் குறளிலே, மந்திரி என்ற சொல்லும் நிற்கிறது. உடனிருந்தே கேடு நினைக்கும் மந்திரியைப் பற்றிய எச்சரிக்கை அது. அமைச்சு என்பதையே அமாத்திய என்பதன் திரிபு என்பார் ஒருசாரார். அமை என்னும் வேரினது என்பார் மறுசாரார். வழக்கு முடியவில்லை. முடியும்வரை தமிழன் வாய்மூடிக் காத்திருக்க வேண்டுமோ? அமைச்சர் என்ற சொல் உழவனுக்கும் விளங்கும். ஈராயிரம் ஆண்டாக நம் மண்ணில் வேரூன்றியும் இருக்கிறது. மந்திரி தீட்டு என்பதற்காக அதை நாம் ஏற்கவில்லை. சொல்லிலே தீட்டுப் பார்க்கத் தொடங்கினால், தீட்டு என்பதை எதிர்க்கும் தகுதி நமக்கு ஏது? ஒரு மொழி தேவமொழி, மற்றவை அதன் எச்சில் என்றபோதுதான் நாம் எழுந்தோம். அந்தப் பொய்யின் முகமூடியைக் கழற்றித் தமிழுக்கு மாட்டுவதற்காக எழவில்லை.

இவற்றையெல்லாம் மறுவாரம் படிப்பகத்திலே சொன்னோம். முழங்கிய தோழர் முகம் சற்றே வாடிற்று, பிறகு சிரித்துவிட்டார். 1644 என்பதை மட்டும் கையேட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் நாரங்கம் பற்றி அவர் பேசப் போகிறாராம். நூலகத்திலிருந்து இரண்டு அகராதிகளை எடுத்துப் போயிருப்பதாகக் கேள்வி.