599 ரூபாய் 903 ரூபாய் ஆன கதை



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது, பலருக்கு நினைவிருக்கும். "மாதம் 599 என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடும் நேரத்தில் கிட்டத்தட்ட ஏழாயிரம் கேட்கிறார்கள். இது சரியா?" கேட்டவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி. பி பிளாக்கில் வாடகைக்கு இருக்கிறார். அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னேன். வருடக்கணக்காக வங்கியில் வவுச்சர் சரிபார்த்த கை, சும்மா இருக்குமா?

மாதக் கட்டணம் 599 தான். ஆனால் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும்: 3,594. இன்ஸ்டலேஷன் 1,000. கூட்டினால் 4,594. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 826 ரூபாய் 92 காசு. ஆக 5,420.92. ரவுட்டருக்குத் திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 1,500. மொத்தம் 6,920.92. டெபாசிட்டை ஒதுக்கிவிட்டு ஆறால் வகுத்தாலும் மாதத்துக்கு 903 ரூபாய் 49 காசு வருகிறது. இதில் ஒன்றும் பொய் கிடையாது. எல்லாம் தாளில் இருக்கிறது. வாசலில் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸில்தான் இல்லை. இடையில் மாற்றலாகிப் போனால் மீதி முன்பணம் திரும்பாது என்பதும் இருக்கிறது, பின்பக்கம், பொடி எழுத்தில்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். என் வயதுக்காரர்களுக்குத் தொலைபேசிக் காலம் ஞாபகம் இருக்கும். எண்பதுகளில் போனுக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்போம். வசதி உள்ளவர்கள் ஓ.ஒய்.டி. திட்டத்தில் ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டி வரிசையில் கொஞ்சம் முன்னால் போய்க்கொள்வார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில். வாடகை, மீட்டர் ஓடிய கணக்கு, அவ்வளவுதான். மீட்டர் ஏன் இப்படி ஓடியது என்று சண்டை போடுவோமே தவிர, புதுப்புதுத் தலைப்பில் கட்டணம் வராது. அப்போது நாம் கட்டிய கூடுதல் கட்டணம் காத்திருப்புதான்.

அந்த பில்லில் முதல் புது வரி 1994 ஜூலை 1 அன்று வந்தது. மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது சேவை வரி என்ற ஒன்றை மூன்றே சேவைகளுக்குப் போட்டார்: தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு. 5 சதவீதம். அது 2003-ல் 8, 2004-ல் 10, 2006-ல் 12 என்று ஏறியது. 2009-ல் 10-க்கு இறங்கி, 2012-ல் மறுபடி 12, 2015-ல் 14. செஸ்கள் சேர்ந்து 2016-ல் 15. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. 18. வரி போட்டதைக் குறை சொல்ல வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அண்ணாச்சி கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சேவைக்கு அந்த எம்.ஆர்.பி. கிடையாது. வியாபாரம் செய்பவர் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், அவருக்கு வரிக்கு முந்திய விலை போதும். வீட்டில் இருக்கும் நாம் எதில் கழிப்பது? ஆனாலும் நமக்கும் அதே விலையைத்தான் காட்டுகிறார்கள்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியது. மோடம் கிறீச்சிட்டுக் கத்தும், நினைவிருக்கிறதா? இணையக் கணக்குக்கு ஒரு பணம். இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம் தொலைபேசி மீட்டர் தனியாக ஓடும், அது வேறு பில்லில் வரும். ஒரே வேலைக்கு இரண்டு பில் என்பதை முதலில் பார்த்தது அப்போதுதான். 1998 கடைசியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்து இணையக் கணக்கின் விலை மளமளவென்று இறங்கியது. தொலைபேசி மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் தேர்வு முடிவு பார்க்க உட்கார்ந்தால் நான் பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு நிற்பேன்.

2004 அக்டோபரில் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தது. குறைந்தது 256 கே.பி.பி.எஸ். வேகம் இருந்தால் பிராட்பேண்ட் என்றார்கள். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தது. மீட்டர் தொல்லை ஒழிந்தது, எம்.பி. தொல்லை வந்தது. மாத அளவைத் தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் காசு. பிறகு வந்த சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லை என்றார்கள். அலாரம் வைத்து எழுந்து படம் இறக்கிய பிள்ளைகள் இன்று இந்த வளாகத்திலேயே குடும்பஸ்தர்களாக இருக்கிறார்கள். அப்புறம் 'அன்லிமிடெட்' வந்தது. அதற்குள்ளும் ஒரு எல்லை, அதைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும். 2016-ல் டிராய் தலையிட்டு, எல்லைக்குப் பிறகும் 512 கே.பி.பி.எஸ்.க்குக் கீழே போகக்கூடாது என்றது.

ஆக, பில்லில் ஓர் இடத்தை அடைத்தால் பணம் இன்னோர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்போது மீட்டரும் இல்லை, எம்.பி. கணக்கும் அநேகமாக இல்லை. அதனால்தான் கையெழுத்துப் போடும் நாளில் எல்லாம் வந்து குவிகிறது.

புகார் செய்யலாமே என்பீர்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. 2009-ல் ஒரு தொலைபேசி வழக்கில் உச்ச நீதிமன்றம், 1885-ம் வருடத் தந்திச் சட்டத்தில் நடுவர் ஏற்பாடு இருப்பதால் இதற்கெல்லாம் நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று சொல்லிவிட்டது. பதின்மூன்று வருடம் அந்தக் கதவு மூடியே கிடந்தது என்று சொல்லலாம். ஆமதாபாத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் சராசரியாக ஐந்நூற்றுச் சொச்சம் வந்த மொபைல் பில் ஒரு மாதம் 24,000-ஐத் தாண்டியது. ஆட்டோ பே என்பதால் கிரெடிட் கார்டிலிருந்து தானாகவே போய்விட்டது. அவர் விடவில்லை. 2022 பிப்ரவரியில் வோடபோன் ஐடியா தொடர்பான அந்த வழக்கில், நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் எல்லோருக்கும் சேர்த்து அவர் வாங்கிக் கொடுத்தது அது.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று ஏமாற்று முறைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஆன்லைனில் விற்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஒரு விலையைக் காட்டி இழுத்துவிட்டு, மீதியைக் கடைசியில் சொட்டுச் சொட்டாக விடுவதும் அதில் ஒன்று. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய பிராட்பேண்ட் நிறுவனங்கள், உணவுப் பொட்டலத்தில் சத்து அட்டவணை போடுவதுபோல, மாதக் கட்டணம், ஒருமுறைக் கட்டணம், வேகம் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் காட்ட வேண்டும். நம் ரிசர்வ் வங்கியும் அதே வருடம் அக்டோபரிலிருந்து கடன் வாங்குபவருக்கு எல்லாச் செலவும் அடங்கிய விவரச் சீட்டைத் தரச் சொல்லியிருக்கிறது. நான் கவுண்டரில் இருந்த காலத்தில் அப்படி ஒரு சீட்டு இல்லை. பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டவருக்குத்தான் சொல்வோம், ஒப்புக்கொள்கிறேன்.

இனி நம் வளாகத்து விஷயம். அடுத்த பொதுக்குழுவில் ஒரு கோரிக்கை வரப்போகிறது. ஒரு நிறுவனம், தங்களை மட்டும் உள்ளே அனுமதித்தால் கிளப் ஹவுஸுக்கு இலவச வைஃபை தருவதாகச் சொல்லியிருக்கிறது. என் வோட்டு இதற்குக் கிடையாது. கட்டடத்துக்குள் ஒரே நிறுவனம் என்று அடைத்துவைக்கக் கூடாது என்று டிராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரை செய்திருக்கிறது. ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் கேபிள் இழுக்க ஆள் தேடிய நாட்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சலுகை பெரிதாகத் தெரியலாம். இன்று மூன்று பேர் கம்பத்தில் ஒயரோடு நிற்கிறார்கள். ஒருவர்தான் என்றாகிவிட்டால், அந்த இன்ஸ்டலேஷன் ஆயிரத்தை ஏன் என்று கேட்க நம் கையில் என்ன இருக்கும்?

பி பிளாக் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. அவரோடு நானும் போய் நின்றேன். "மாதாமாதம் கட்டுகிற திட்டம் இல்லையா?" என்று கேட்டோம். இருந்தது, நோட்டீஸில் போடவில்லை. மாதம் 699, வரி சேர்த்து 824 ரூபாய் 82 காசு. "இன்ஸ்டலேஷன்?" என்றேன். ஏஜென்ட் சிரித்தார். "கேட்டா எடுத்துடுவோம் சார்." ரவுட்டர் டெபாசிட்டைக் கட்டி, ரவுட்டரின் சீரியல் எண்ணோடு ரசீது வாங்கிக்கொண்டு வந்தோம். இணைப்பை நிறுத்தினால் டெபாசிட்டை 60 நாளுக்குள் தர வேண்டும் என்று டிராய் 2006-லேயே விதி போட்டது. 2024-ல் வந்த புது விதிகளிலும் அதற்குக் கெடு உண்டு. ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பொதுக்குழுவுக்கு முன்னால் எந்த வீட்டில் என்ன கட்டணம் வாங்கியிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட நினைக்கிறேன். பெயரை மறைத்துவிட்டு முதல் மாத ரசீதின் நகலை அலுவலகத்து மேசை டிராயரில் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை மாலை உட்கார்ந்து கூட்டிவிடுகிறேன்.