உதிர்வதன் அடியில்

அம்மாவின் கருப்பையை எடுத்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எடுத்ததை என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மாவிடமும் யாரும் சொல்லவில்லை. கழிவு, அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து மெல்பர்ன் ஆய்வுக்கட்டுரை ஒன்றை அகராதியும் கையுமாக வாசித்தபோதுதான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது.

மோனாஷ் பல்கலைக்கழகத்தில் கரோலின் கார்கெட், தன் சக ஆய்வாளர்கள் ரேச்சல் சான், ஷ்வாப் ஆகியோருடன் 2004இல் வெளியிட்ட கட்டுரை அது. கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்களின் திசுவிலிருந்து உட்சவ்வைப் பிரித்து, அணுக்களை ஒன்றுக்கொன்று தொடாதபடி தட்டில் பரப்பிக் காத்திருந்தார்கள். பெரும்பாலானவை பெருகவில்லை. மேற்புற அணுக்களில் 0.22 விழுக்காடும், அடித்திசு அணுக்களில் 1.25 விழுக்காடும் மட்டும் தன்னந்தனியாகத் தொடங்கிக் கூட்டமாகப் பெருகின. மனிதக் கருப்பையின் உட்சவ்வில் குருத்தணுக்கள் இருக்கின்றன என்பதற்கு அணு அளவில் கிடைத்த முதல் சான்று அது.

'ஸ்டெம்செல்' என்பதைத் 'தண்டு செல்' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. எனக்குக் 'குருத்தணு'தான் பிடிக்கும். வெட்டிய வாழையில் மறுநாளே எட்டிப்பார்க்கிறதே, அந்தக் குருத்து. இந்தச் சவ்வும் அப்படித்தான். மாதவிடாயில் மேலடுக்கு முழுவதும் உதிர்கிறது, அடியடுக்கு தங்குகிறது. சில நாட்களில் புண் ஆறி, தழும்பின்றி மீண்டும் பல மில்லிமீட்டர் தடிக்கிறது. ஒரு வாழ்நாளில் ஏறக்குறைய நானூறு முறை.

இவ்வளவு வெளிப்படையாக வளரும் திசுவில் குருத்தைத் தேட ஏன் இத்தனை காலம்? இரத்தத்தின் குருத்தணுவுக்கு டொரண்டோவில் 1961இலேயே சான்று கிடைத்துவிட்டது. உட்சவ்வில் அது இருக்கலாம் என்று பிரியானிஷ்னிகோவ் 1978இல் எழுதினார். எழுதியது எழுதியபடி கிடந்தது. சதி என்று சொல்லமாட்டேன். அந்தச் சவ்வைப் பிள்ளைக்கான படுக்கையாக மட்டுமே பார்த்துப் பழகிய கண்கள், பிள்ளை வராத மாதத்தில் அது செய்யும் வேலையை வேலையாகவே எண்ணவில்லை என்பது என் கருத்து. 1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற மருத்துவர், மாதவிடாயில் இருந்த பணிப்பெண்ணின் கை பட்டுப் பூக்கள் வாடின என்று 'மாதவிடாய் நஞ்சு' பற்றிக் கட்டுரை எழுதினார். தீட்டு என்ற சொல் நம் வீட்டுத் திண்ணையில் மட்டும் இருந்ததில்லை.

கார்கெட்டின் குழு அதோடு நிற்கவில்லை. இந்த அணுக்களில் ஒருவகை, இரத்தக் குழாய்களை ஒட்டி வாழ்வதைக் கண்டது. அவை உதிரும் அடுக்கிலும் இருக்கின்றன. அப்படியானால், மாதவிடாய் இரத்தம் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால் எண்டோமெட்ரியோசிஸ் வருகிறது என்று சாம்ப்சன் 1927இல் சொன்னதற்கு ஒரு விடுபட்ட கண்ணி கிடைக்கிறது. பின்னொழுக்கு பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. நோயோ பத்தில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவரிடம் குருத்தணுக்கள் தவறான இடத்தில் வேரூன்றுகின்றனவோ? இன்னும் கருதுகோள்தான். ஆனால் வலியில் சுருண்டு படுப்பவளிடம் "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று சொல்லும் வாயை அடைக்க அதுவே போதும்.

பிரசவத்தால் தளர்ந்து கருப்பை இறங்கும் பெண்களுக்குப் பொருத்திய பிளாஸ்டிக் வலைகள் பலரைத் தீராத வலியில் தள்ளின. ஆஸ்திரேலியா 2017 இறுதியிலும், அமெரிக்கா 2019இலும் அவற்றின் விற்பனையை நிறுத்தின. வேறொரு வலையோடு இந்த அணுக்களையும் சேர்த்து வைத்தால் உடல் அதை ஏற்குமா என்று கார்கெட்டின் குழு செம்மறியாடுகளில் சோதித்தது. பெண்களுக்கான சிகிச்சையாக அது மாற இன்னும் தூரம் இருக்கிறது.

மாதவிடாய் நின்ற பெண்களின் உட்சவ்விலும் அந்த அணுக்கள் இருக்கின்றன என்று அதே குழு பின்னர் காட்டியது. சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் மெலிந்த சவ்வு மறுபடி தடிக்கிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். வெற்றிலையின் காம்பைக் கிள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளைங்க பேரெல்லாம் போட்டிருக்காடி?"

"இல்லம்மா. பேர் போட மாட்டாங்க. வயசும் மாதவிடாய்க் கணக்கும்தான் குறிப்பாங்க."

"கேட்டுத்தான் எடுத்தாங்களாமா?"

"கேட்டு, கையெழுத்து வாங்கித்தான்."

"ம்," என்றாள் அம்மா. "என்னையும் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."