நாட்கூலியும் அரசிறையும்: கண்டி கண்ட மாற்றங்கள்

மாலை வேளையில் கண்டி வாவிக்கரையில் உலாவி இளைப்பாறுவோர் பலர். அந்த வாவியை வெட்டியவர்களுக்கு நாளொன்றுக்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கூலி என்று எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதே அதற்குரிய விடை. 1812ஆம் ஆண்டளவில் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வயலை மூழ்கடித்து அவ்வாவியை அமைத்தபோது, மண் சுமந்தவர்களும் கல் அடுக்கியவர்களும் தாங்கள் அனுபவித்த நிலத்துக்குரிய கடமையையே செய்து முடித்தார்கள். அதற்கு இராசகாரியம் என்று பெயர். அரசன் நிலம் கொடுத்தான். குடி உடலுழைப்பைக் கொடுத்தான். வரியும் வேலையும் வேறு வேறாக அன்று இல்லை. வேலையே வரி.

மட்பாண்டம் வனைவோன் பாண்டங்களைக் கொண்டுவந்தான். மேளம் கொட்டுவோன் விழாவுக்கு வந்தான். வேறொருவன் சுமை தூக்கினான். யார், எந்த நிலத்துக்கு, எந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்பது வழக்கத்தால் வரையறுக்கப்பட்டிருந்தது. அந்த வரம்பை மீறி வேலை வாங்கியதே கடைசி மன்னன்மீது பிரதானிகளும் குடிகளும் கொண்ட மனக்கசப்புக்கு ஒரு காரணமாயிற்று. வாவியைச் சுற்றி எழுந்த அழகிய மதில் முற்றுப்பெறாமலே நிற்பதை இன்றும் காணலாம்.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அரசன் போனான், இராசகாரியம் போகவில்லை. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ், கொழும்பிலிருந்து கண்டிக்குத் தெரு அமைத்த பெருமைக்குரியவர். கடுகண்ணாவைக் கணவாயில் பாறை பிளந்து வழி செய்தவர்களுள் பெரும்பாலோர் இராசகாரிய ஆட்களே. அங்கே நிற்கும் உயர்ந்த கோபுரம் தெருவை வகுத்த கப்டன் டோசனின் நினைவாக எழுந்தது. மண் வெட்டியவர்களுக்கு அப்படி ஒரு கோபுரமும் எழவில்லை.

இக்காலத்தில்தான் கண்டியைச் சுற்றி ஒரு புதுத்தொழில் முளைத்தது. கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டமொன்றைத் திறந்தார். பேராதனைக்கு எதிர்க்கரையில், கன்னொறுவையில், தேசாதிபதி பார்ன்ஸ் தாமே ஒரு தோட்டம் வைத்தார். புதுத்தொழில் தொடங்குவோர் எக்காலத்தும் கேட்பது இரண்டு: வரிச்சலுகை ஒன்று, வேலையாள் மற்றொன்று. பார்ன்ஸ் இரண்டையும் ஒருங்கே கொடுத்தார். கோப்பி நிலத்துக்கு நிலவரி தள்ளப்பட்டது. தோட்டங்களில் வேலைசெய்வோருக்கு இராசகாரியத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அஃதாவது, அரசுக்குச் சேர வேண்டிய உழைப்பை அரசே துரைமாரின் பக்கம் திருப்பிவிட்டது. சட்டம் செய்தவரே தோட்டக்காரராகவும் இருந்தார் என்பதை வரலாறு படிப்போர் ஒரு புன்னகையோடு குறித்துக்கொள்வது தகும்.

கோல்புறூக் விசாரணைக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1832ஆம் ஆண்டில் முடிக்குரிய இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கோவில்களுக்கும் நிந்தகம் எனப்படும் தனியார் நிலங்களுக்கும் உரிய சேவை மட்டும் எஞ்சியது. உழைப்பவன் தன் உழைப்பைத் தானே விற்கலாம் என்ற நிலை சட்டத்தில் பிறந்தது. ஆனால் தனக்கென வயலும் தோட்டமும் உடைய கண்டிக் குடியானவன், காடு வெட்டுதல் போன்ற சில்லறை வேலைக்குக் கூலிக்கு வந்தானேயன்றி, தோட்டத்தில் தங்கி நின்று வேலைசெய்ய முன்வரவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்களும் பலர். இன்று தற்காலிக ஊழியர் என்று சட்டம் அழைப்போரின் முன்னோடிகள் இவர்களே.

இதன் பிறகு வந்ததே 1848ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ஏற்பட்ட வணிக நெருக்கடியால் கோப்பி விலை விழுந்தது. இலங்கை அரசின் கருவூலம் வற்றியது. ஏற்றுமதி இறக்குமதித் தீர்வைகளைக் குறைத்து, குடிகளிடம் நேர்முக வரி வாங்க வேண்டும் என்ற கருத்து மேலோங்கியிருந்த காலம் அது. தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் வள்ளத்துக்கும் வரி விதித்தார். இவற்றோடு தெருச்சட்டம் ஒன்றும் வந்தது. வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் தெருவில் வேலைசெய்ய வேண்டும். இல்லையேல் 3 சிலின் கட்ட வேண்டும்.

கணக்கிட்டால் நாளொன்றுக்கு 6 பென்ஸ் ஆகிறது. ஒரு மனிதனின் ஒருநாள் உழைப்புக்கு அரசு இட்ட விலை அதுதான். கையில் காசு புழங்கியவனுக்கு 3 சிலின் பெரிதன்று. நெல்லும் குரக்கனும் விளைத்து உண்டு, காசை அரிதாகக் கண்ட கண்டிக் குடியானவனுக்கோ, பதினாறு ஆண்டுகளுக்கு முன் செத்த இராசகாரியம் வேறு உடையில் எழுந்து வந்ததாகத் தோன்றிற்று. முன்னைய இராசகாரியத்துக்கு ஈடாக நிலமாவது இருந்தது. இதற்கு ஈடு ஒன்றும் இல்லை. பௌத்த பிக்குகளையும் இச்சட்டம் முதலில் விட்டுவைக்கவில்லை. இவ்வரியைக் கொடுமை என்றவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பதில் ஐயமில்லை.

அவ்வாண்டு ஜூலையில் கண்டிக் கச்சேரியின் முன் மக்கள் திரண்டு முறையிட்டார்கள். மாதம் முடியுமுன் தம்புள்ளையில் கொங்கலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான், மாத்தளை தாக்கப்பட்டது, கண்டியில் இராணுவச் சட்டம் பிறந்தது. ஓகஸ்ட் 8ஆம் நாள் வீர புரன் அப்பு போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டான். குடாபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டார். செய்தி பிரித்தானியப் பாராளுமன்றம்வரை சென்று, 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். பிக்குகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆயினும் தெருவரி நின்றது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கு அதில் விலக்கு இருந்தது. அவர்கள்பாற் கொண்ட இரக்கத்தைவிட, தோட்டத்து வேலைநாள் குறையக்கூடாது என்ற கவலையே அவ்விலக்கில் அதிகம் எனக் கொள்ளலாம். பிற்காலத்தில் 2 ரூபாய்த் தலைவரியாக வழங்கிய இதனை எதிர்த்து, கட்ட மறுத்து நின்றவர்களுள் முதன்மையானவர், 1891இல் கண்டியில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. 1920களில் அவ்வரி மறைந்தது.

அதுவரையும் நாட்கூலிக்காரனிடமிருந்து எடுப்பதே அரசிறையின் வேலையாயிருந்தது. அவன் பெயரில் ஏதேனும் சேர்த்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டமாக உருப்பெற இன்னும் பல ஆண்டுகள் சென்றன. 1932இல் வருமான வரி வந்தது, அது செல்வருக்குரியது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமே ஊழியர் சேமலாப நிதியைத் தோற்றுவித்தது. அதனைக் கொண்டுவந்த தொழில் அமைச்சர் டி. பி. இலங்கரத்தினவும் கண்டிப் பகுதியைச் சேர்ந்தவர். எழுதுவினைஞர் சங்கத் தலைவராக 1947 வேலைநிறுத்தத்தை நடத்திப் பதவி இழந்து, அடுத்த ஆண்டில் கண்டித் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தொடக்கத்தில் ஊழியர் 4 சதவீதமும் தொழில்கொள்வோர் 6 சதவீதமும் செலுத்தினர். பின்னர் அது 8 ஆகவும் 12 ஆகவும் உயர்ந்தது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்கொள்வோர் மட்டும் 3 சதவீதம் செலுத்த வேண்டும்.

இச்சட்டம் நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர் என்று வேறுபாடு பாராட்டுவதில்லை. நாட்கூலிக்கு வந்தவரும், துண்டுக் கணக்கில் வேலை செய்பவரும், மாறிமாறி வந்து போகிறவரும் ஊழியரே. கட்டுகஸ்தோட்டையில் புதிதாக வெதுப்பகம் வைத்தவர் ஓர் ஆளையே வைத்திருந்தாலும் கடமை தொடங்கிவிடுகிறது. "இவர் நாளைக்கு வருவாரோ மாட்டாரோ, இவருக்கு என்ன சேமலாபம்?" என்ற பேச்சைச் சட்டம் ஏற்பதில்லை. இன்று சிறுதொழில் தொடங்குவோர் பலர் தவறுவது இவ்விடத்திலேதான். வருமான வரிக்கு எல்லை உண்டு: 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரியில்லை, ஆதலால் நாட்கூலியிலிருந்து வரி கழிக்க வேண்டிய தேவை அருகியே வரும். வரியில்லை என்பதைக் கேட்டவுடன் வேறு கடமையும் இல்லை என்று கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சேமலாப நிதிக்கோ அத்தகைய எல்லை இல்லை. முதல் ரூபாயிலிருந்தே அது உண்டு.

2000 ரூபாய்க் கூலியை எடுத்துக்கொண்டால், ஊழியரின் பங்கு 160, தொழில்கொள்வோரின் பங்கு 240, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 60. ஆள் கைக்கு 1840 ரூபாய் போகும். முதலாளியின் செலவு 2300 ஆகும். கடையிலே கொடுக்கும் சோற்றின் பெறுமதியும் சம்பாத்தியத்தில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. அடுத்த மாத முடிவுக்குள் பணம் செலுத்தப்படாவிட்டால், தாமதத்துக்கேற்ப 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். கூலி கொடுக்கும்போது கழிக்கத் தவறிய 8 சதவீதத்தைப் பிறகு ஊழியரிடம் கேட்க முடியாது. 20 சதவீதமும் முதலாளியின் தலையிலே விழும்.

தன் கருவிகளோடு வந்து, வேலைக்கு விலை பேசி, தன் விருப்பப்படி செய்து முடித்துப் போகும் மேசனார் ஊழியராகமாட்டார். ஆனால் காலையில் வரும் நேரத்தையும் செய்யும் முறையையும் முதலாளியே கட்டளையிடுவாராயின், ஒப்பந்தகாரர் என்று தாளில் எழுதிவிட்டதனால் மட்டும் அவர் ஒப்பந்தகாரர் ஆகிவிடுவதில்லை.

தலதா மாளிகைப் பெரஹராவில் இந்த இரண்டு உலகங்களும் இன்றும் அருகருகே நடக்கின்றன. ஆலய நிலத்தை அனுபவிப்போர் பரம்பரை இராசகாரியமாக மேளம் கொட்டி வருகின்றனர். 1870ஆம் ஆண்டுச் சேவை நிலச் சட்டத்தின்படி அந்தக் கடமைகள் பதிவேடுகளில் எழுதப்பட்டன. வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடைகளிலே, அந்தப் பத்து நாளுக்கென்று கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் தேநீர் ஆற்றிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுடைய பெயர்களும் அடுத்த மாத முடிவுக்குள் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டியவையே.