முதல் வடிநீரும் இரண்டாம் வடிநீரும்

சங்கச் சான்றோர் கள்ளையும் நறவையும் தேறலையும் பாடினர், காப்பியைப் பாடவில்லை. பாடியிருக்கவும் இயலாது. பாபா புதான் என்னும் சூஃபிப் பெரியார் யேமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்னும் மரபுச் செய்தியே 17ஆம் நூற்றாண்டைச் சுட்டுவதாகும். 19ஆம் நூற்றாண்டில் நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் தோட்டங்கள் பெருகிய பின்னரும் விளைச்சல் பெரிதும் கப்பலேறியது. தமிழர்தம் விடியல் நீராகாரத்துடனேயே தொடங்கிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலுமே, நகர்ப்புற நடுத்தர வகுப்பினர் இல்லங்களில் காப்பி அவ்விடத்தைப் பற்றலாயிற்று.

புதிய பானத்திற்குப் பழைய கருவிகளே முதலில் உதவின. பச்சைக் கொட்டையை இரும்பு வாணலியில் வறுத்து, உரலில் இடித்து, கொதிநீரில் இட்டுத் துணியில் வடிப்பது ஒரு முறை. பலகையில் பொருத்திக் கையால் சுழற்றும் அரைவை இயந்திரமும், இரண்டடுக்குப் பித்தளை வடிகட்டியும் பின்னர் வந்தன. மேலடுக்கின் அடியில் நுண்துளைகள் உண்டு. தூளை இட்டு, காம்புடைய தட்டால் மெல்ல அழுத்தி, கொதிநீர் வார்த்து மூடிவைத்தால் டிக்காஷன் துளித்துளியாகக் கீழிறங்கும். தூள் மாவாயின் துளை அடைபடும். பருவெட்டாயின் நீர் விரைந்தோடிவிடும், சாரம் இறங்காது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதத்தை அளவுகோல் இன்றி விரல்நுனியால் தேய்த்தறிந்தவர் பெண்டிர். நெப்போலியன் காலத்து வணிகத்தடையின்போது பிரான்சில் காப்பிக்கு மாற்றாகப் பரவிய சிக்கரி வேர், இங்கு டிக்காஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும் துணைப்பொருளாயிற்று. அதன் அளவையும் நாவால் வரையறுத்தவர் அவர்களே.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி, துளையிட்ட பாத்திரத்தில் ஒற்றுத்தாளை இட்டுக் காப்பி வடிக்கும் முறையை அமைத்தார். 1908இல் அது அவர் பெயரால் அரசு அலுவலகத்தில் பதிவு பெற்றது. தமிழ்ச் சமையலறையில் நிகழ்ந்த எண்ணற்ற நுண்திருத்தங்களுக்கு உரியவர் பெயர் எங்கும் பதியப்படவில்லை. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

வடிகட்டி, குடும்பத்தின் படிநிலையையும் காட்டிற்று. கெட்டியான முதல் வடிநீர் குடும்பத் தலைவருக்கும் விருந்தினருக்கும் உரியது. அதே தூளில் மீண்டும் நீர் வார்த்துப் பெற்ற இரண்டாம் வடிநீர் பல இல்லங்களில் பெண்களுக்கும் சிறுவர்க்கும் பணியாளர்க்கும் ஆயிற்று. விடியுமுன் எழுந்து வறுத்து அரைத்து வடித்தவள், தான் ஆக்கியதன் எச்சத்தையே பருகினாள். அடுப்பங்கரைக்கு அப்பால், மலைத்தோட்டங்களில் பழம் பறித்த தமிழர் நிலை அதனினும் கொடிது. இலங்கையின் காப்பித் தோட்டங்களை நாடிக் காட்டுவழி நடந்தோருள் பலர் வழியிலேயே மாண்டனர். 1869இல் அங்குத் தோன்றிய இலைத்துரு நோய் தோட்டங்களை அழித்தபின், அவ்வுழைப்பு தேயிலைக்கு மாற்றப்பட்டது.

எவர்சில்வர் வடிகட்டியும் மிக்சியும் மின்கருவிகளும் இன்று அவ்வுழைப்பைப் பெரிதும் குறைத்துள்ளன. இன்றைய இந்திய விதி, சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் இப்பானத்திற்குக் குளம்பி என்றும் கொட்டை வடிநீர் என்றும் பெயர் சூட்டினர். பானத்திற்குப் பெயர் தந்த தமிழ், அதனை வடித்த கைகளைப் பற்றி இன்னும் மிகுதியாகப் பேசவில்லை. பாடுபொருள் தேடும் கவிஞர்கள் விடியற்காலை அடுப்பங்கரையை ஒருமுறை நோக்குவார்களாக. கீழடுக்கில் துளிதுளியாய் இறங்குவது காப்பி மட்டும் அன்று.