குற்றம் வயிற்றினதா? மிகையுணவுக் கோளாறு குறித்த கருத்தாக்க வரலாறு

ஆய்வுச் சுருக்கம்
பசியில்லாத நிலையிலும் கட்டுப்பாடிழந்து பேரளவில் உண்பதை மருத்துவ உலகம் இன்று ‘மிகையுணவுக் கோளாறு’ எனத் தனி நோயாக ஏற்கிறது. இந்நிலைக்கான காரணம் சாபம், வயிறு, உண்பவர், மூளை எனக் காலந்தோறும் வெவ்வேறிடங்களில் தேடப்பட்டதைத் தமிழ்ச் சான்றுகளையும் நரம்பியல் ஆய்வுகளையும் இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பிறந்த ஒரு வெண்பா இதற்கு மையமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மிகையுணவு, யானைத்தீ, நல்வழி, ரமணர், ஹைப்போதலாமஸ், மூளைப் படமெடுப்பு.

முன்னுரை
அளவறிந்து உண்ணுதல் தமிழ் அறமரபிலும் மருத்துவ மரபிலும் ஒருங்கே வலியுறுத்தப்படுவது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் ஆறு குறள்கள் உண்ணும் முறையையே பேசுகின்றன. உண்பவர் தம் அளவை அறிவார், அறிந்தால் நிறுத்திக்கொள்வார் என்பது இவ்வறவுரையின் அடிப்படை. அறிந்தும் நிறுத்த இயலாதவரை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் வினா.

யானைத்தீயும் சாபமும்
மணிமேகலையில் வரும் காயசண்டிகை, விருச்சிக முனிவன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்ததால் ‘யானைத்தீ’ என்னும் தீராப் பசிக்கு ஆளாகிறாள். எவ்வளவு உண்டும் அடங்காத அப்பசி, அமுதசுரபியில் மணிமேகலை அளித்த உணவால் தணிகிறது. இதனை இன்றைய நோய்ப்பெயருடன் அப்படியே பொருத்துவது காலமுரணாகும். காயசண்டிகைக்கு உண்மையாகவே பசிக்கிறது. மிகையுணவுக் கோளாற்றுக்கோ பசி தேவையில்லை. எனினும் ஒன்று கருதத்தக்கது: காப்பியம் அவளை உணவாசை கொண்டவள் என இகழவில்லை. அடங்காத உண்ணலை இரங்கத்தக்க பிணியாகவே காட்டுகிறது.

ஔவையும் ரமணரும்
நல்வழியில் ஔவையார் வயிற்றை விளித்து முறையிடும் வெண்பா புகழ்பெற்றது. ஒரு நாள் உணவை விடச் சொன்னால் விடாது, இரு நாளுக்குச் சேர்த்து ஏற்கச் சொன்னால் ஏலாது. எனவே அதனோடு வாழ்தல் அரிது என்பது அதன் கருத்து. இது வறுமையின் குரல்.

1896இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் 1922 முதல் மலையடிவாரத்தில் தாயார் சமாதியருகே தங்கினார். அவ்விடமே ரமணாசிரமமாக வளர்ந்தது. அங்கு விருந்துண்டு பலர் வயிறு கனத்திருந்த ஒரு நாளில் அன்பர் ஒருவர் ஔவையின் பாடலை எடுத்துரைத்தார். ரமணர் அதைத் திருப்பி, வயிறே உயிரை நோக்கி முறையிடுவதாக வேறொரு வெண்பா இயற்றினார். தனக்கு ஒரு நாழிகையும் ஓய்வு தராத உயிரோடு வாழ்வது அரிது என்கிறது வயிறு.

நகைச்சுவையாகத் தோன்றினும் இது கருத்தளவில் ஒரு திருப்பம். ஔவை பாடியது உணவு கிட்டாதவரின் பசியை; ரமணர் பாடியது உண்டு முடித்தவரின் உண்ணலை. முன்னதில் குற்றவாளியான வயிறு பின்னதில் வழக்காடுகிறது. மிதமான சாத்துவிக உணவை நியமங்களுள் சிறந்ததாக ‘நான் யார்?’ கூறுவதும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது. ஆயினும், உண்பவருக்குள் எது நிறுத்த மறுக்கிறது என்ற உடலியல் வினா எஞ்சுகிறது.

வயிற்றிலிருந்து மூளைக்கு
அறிவியலும் முதலில் வயிற்றையே நோக்கியது. 1912இல் கேனனும் வாஷ்பர்னும் விழுங்கிய பலூன் வழியே இரைப்பைச் சுருக்கங்களைப் பதிவுசெய்து, அவை பசியுணர்வுடன் ஒத்துவருவதைக் காட்டினர். 1940இல் ஹெதரிங்டனும் ரேன்சனும் எலிகளின் ஹைப்போதலாமஸில் ஏற்படுத்திய சிதைவு உடற்பருமனுக்கு இட்டுச்சென்றது. 1951இல் இந்திய உடலியலாளர் பால் கிருஷன் ஆனந்த், யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் இணைந்து, ஹைப்போதலாமஸின் பக்கப்பகுதி இருபுறமும் சிதைந்த விலங்குகள் உண்பதையே நிறுத்திவிடுவதை நிறுவினார். பின்னர் அவர் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் உடலியல் துறையை வளர்த்தெடுத்தார். உண்ணலின் ஆட்சி மூளையில் உள்ளது என்ற கருத்தை வலுப்படுத்தியதில் இந்தியர் ஒருவரின் பங்கு முதன்மையானது.

படமெடுப்பு காட்டியதும் காட்டாததும்
1959இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு உடற்பருமனுடையோரிடம் இவ்வகை உண்ணலைத் தனித்து விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1994இல் இதனைப் பின்னிணைப்பில் வைத்து, 2013இல்தான் முழுமையான நோயாக ஏற்றது. வாரம் ஒருமுறையேனும் மூன்று மாதங்கள் நீடிக்கும், கட்டுப்பாடிழந்த உண்ணலும் அதனாலாகும் மனத்துயரமும் அதன் அளவுகோல்கள்.

2011இல் ஜீன்-ஜாக் வாங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. உடற்பருமனுடைய 18 பேருள் 10 பேருக்கு இக்கோளாறு இருந்தது. விரும்பிய உணவை முகரவும் சுவைக்கவும் மட்டும் அளித்து, உண்ண விடாமல், பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுப்பின் வழி மூளையின் டோபமின் அளவிடப்பட்டது. டோபமின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் மருந்தும் தரப்பட்ட நிலையில், கோளாறுடையோரிடம் மட்டும் காடேட், புட்டாமென் பகுதிகளில் டோபமின் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. காடேட் பகுதியில் கண்ட உயர்வு கோளாற்றின் தீவிரத்தோடு தொடர்புற்றது. உடல் நிறைக் குறியீட்டோடு தொடர்புறவில்லை. உடற்பருமனும் இக்கோளாறும் ஒன்றல்ல என்பதற்கு இது ஒரு சான்று. 2013இல் பலோடிஸ் குழுவினர், தன்னடக்கத்தைச் சோதிக்கும் பணியின்போது இவர்களின் முன்மூளைப் பகுதிகள் குறைவாகச் செயற்படுவதைக் கண்டனர்.

இவ்வாய்வுகளில் பங்கேற்றோர் தொகை சிறிது. மூளை வேறுபாடு நோய்க்குக் காரணமா, விளைவா என்பதை ஒரு படம் தீர்மானிக்காது. தனியொருவரின் நோயைக் கண்டறியவும் இப்படங்கள் பயன்படுவதில்லை.

முடிவுரை
சாபத்தில் தொடங்கி வயிறு, உயிர், மூளை என நகர்ந்த இவ்வரலாறு, பொறுப்பு யாருடையது என்ற வினாவின் வரலாறே. ‘மூளையே குற்றவாளி’ எனக் கூறி அமைவது, வயிற்றின் மீது சுமத்திய பழியை இடம் மாற்றுவதாகவே முடியும். தமிழில் ‘பெருந்தீனி’ என்பது வசைச்சொல். அச்சொல்லையே நோய்ப்பெயராக்கினால், வெட்கத்தால் தனித்திருந்து உண்பவர் மருத்துவரை நாடத் தயங்குவார். எனவே ‘மிகையுணவுக் கோளாறு’ போன்ற பழிசாராச் சொல்லை ஆய்வுலகம் கைக்கொள்ள வேண்டும். காயசண்டிகையின் பிணியைக் காப்பியம் நோக்கிய இரக்கம், படமெடுப்புக் கருவியின் முன் அமர்வோர்க்கும் உரியது.