பெரஹராவின் ஒலிகாரரும் ஒளிகாரரும்

கண்டி எசல பெரஹரா என்னும் ஊர்வலம் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். வீதியோரத்தில் பிற்பகலிலிருந்தே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் முதலில் கேட்பது சாட்டையின் வெடிப்பு. சாட்டைக்காரர் ஓடி வந்து நின்று நீண்ட சாட்டையைத் தலைக்கு மேல் சுழற்றித் தெருவில் அறைகிறார். அந்தச் சத்தம் இருபுறக் கட்டடங்களிலும் பட்டுத் திரும்புகிறது. இடி முழக்கத்தின் பாவனை அது, மழையை அழைப்பதற்கானது என்று விளக்கம் சொல்வார்கள். அடுத்து நெருப்புச் சுழற்றுவோரும் கொடிக்காரரும் வருகிறார்கள். பிறகு மேளம். அது தூரத்தில் ஒரு முனகலாகத் தொடங்கி, நெருங்க நெருங்க நெஞ்சுக்குள் அதிர்ந்து, கடந்து போய், அடுத்த தேவாலயத்தின் மேளத்தோடு கலந்து தேய்கிறது. நின்ற இடத்தில் நிற்பவருக்கு இரவு முழுவதும் ஒலி இப்படி வந்து வந்து போகிறது.

புத்தரின் தந்தம் இருக்கும் தலதா மாளிகையும் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களும் சேர்ந்து நடத்தும் விழா இது. ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி, தேவாலயங்களில் கப் என்னும் சடங்குக் கம்பத்தை நடுவதோடு தொடங்கும். முதல் ஐந்து இரவு தேவாலய வளவுக்குள், அடுத்த ஐந்து இரவு கும்பல் பெரஹரா, கடைசி ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா என்று படிப்படியாகப் பெருகி, கட்டம்பேயில் மகாவலி ஆற்றின் நீரை வாளால் வெட்டும் சடங்கோடும் பகல் பெரஹராவோடும் நிறைவுபெறும். இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் யானையையும் தந்தப் பேழையையும் நிலமே என்னும் கோயில் அதிகாரிகளின் உடையையுமே எழுதினார்கள். ஒலியையும் ஒளியையும் உண்டாக்கியவர்களின் வரலாறு அந்த எழுத்துகளின் ஓரத்திலேயே கிடக்கிறது. அதைத் தனியாக எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

வெளிநாட்டார் எழுதியவற்றில் மிகவும் அறியப்பட்ட பழைய வருணனை ராபர்ட் நொக்ஸ் எழுதியது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த அந்த ஆங்கில மாலுமியின் நூல் 1681இல் லண்டனில் அச்சானது. இருபுறமும் வெண்கல மணி தொங்க நாற்பது ஐம்பது யானைகள் முன்னே வந்ததையும், அவற்றின் பின்னே பேருருவ மனிதர்களைப் போல் வேடமிட்டவர்களும், மேளக்காரரும் எக்காளக்காரரும் பெருங்கூட்டமாக வந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். யானையை அறிமுகப்படுத்தும்போதே மணியோசையைச் சொன்ன காது அவருடையது. அவர் கண்ட ஊர்வலம் தெய்வங்களுக்கு உரியதாக இருந்தது. புத்தரின் தந்தம் அதில் வரவில்லை.

தந்தத்தை ஊர்வலத்தின் தலையில் வைத்தவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழிவந்த இந்த அரசர் 1747 முதல் 1782 வரை ஆண்டார். 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரரோடு வந்த பிக்குகளுக்கு, தலைநகரின் பெருவிழா தேவர்களுக்கு மட்டுமே நடப்பதைக் கண்டு மனம் ஒப்பவில்லை. அதன் பின்னரே பேழை யானை மேல் ஏறி முன்னே வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. தேவாலயங்கள் இருந்த வரிசையிலேயே பின்னால் தொடர்ந்தன. கடைசியில் வருவது பத்தினி தேவாலயம். பத்தினி என்பது நம் கண்ணகி. சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்தபோது கடல்சூழ் இலங்கைக் கயவாகு அங்கே இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கதிர்காம தேவாலயப் பெரஹராவில் இன்றும் காவடி ஆடி வருகிறார்கள்.

மேளங்களைப் பெயரிலிருந்தே தமிழ்க்காது அடையாளம் கண்டுகொள்ளும். தவுல நம் தவிலின் உறவு, தம்மெட்டம நம் தம்பட்டத்தின் உறவு. ஆனால் அடிக்கும் கை வேறு. தவில்காரர் இடக்கையில் கோலும் வலக்கை விரல்களில் கூடும் கொள்வார். தவுலக்காரர் வலக்கையில் கோலைப் பிடித்து மறுமுகத்தை இடது உள்ளங்கையால் அறைவார். தம்மெட்டம இரட்டை மேளம். அதை இடுப்பில் கட்டி, நுனி வளையமாக வளைத்த இரண்டு பிரம்புக் குச்சிகளால் அடிக்கிறார்கள். அந்த வளையம் தோலில் பட்டதும் துள்ளி எழும். குச்சி தன் பாரத்தாலேயே பாதி வேலையைச் செய்வதால்தான் மணிக்கணக்கில் நடந்துகொண்டே அடிக்க முடிகிறது. இவற்றுக்கு மேலே ஓலைச் சீவாளி பொருத்திய ஹொரணாவ என்னும் குறுங்குழல் ஒலிக்கும். இந்தக் கூட்டுக்கு ஹேவிசி என்று பெயர்.

ஆட்டத்துக்கு அடிக்கும் மேளம் கெட்ட பெரய. நடு பருத்து இருபுறமும் ஒடுங்கிய இதன் ஒரு முகத்தில் மாட்டுத்தோலும் மறுமுகத்தில் குரங்குத்தோலும் கட்டுவது பழைய வழக்கம். ஒன்று ஆழ்ந்து பேசும், மற்றது தெறித்துப் பேசும். வெஸ் என்னும் தலையணி தரித்த ஆட்டக்காரர் கொஹொம்ப கங்காரிய என்ற ஊர்ச் சடங்கில் ஆடி வந்தவர்கள். பெரஹராவின் அடையாளமாக இன்று எல்லாப் படங்களிலும் நிற்கும் அந்த வெஸ் ஆட்டம் ஊர்வலத்துக்குள் வந்தது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான்.

ஒளி பந்தக்காரருடையது. நீண்ட கம்பின் தலையில் இரும்புக் கூடு. கூட்டுக்குள் கொப்பரா எரிகிறது. பக்கத்தில் ஒருவர் கொப்பராச் சாக்கைத் தோளில் சுமந்து வருவார். சுடர் தாழும்போது பந்தக்காரர் கம்பைச் சாய்த்துச் சாம்பலைத் தட்டிவிடுவார், இவர் கையால் அள்ளி நிரப்புவார், எண்ணெய் கசிந்து தீ மறுபடி எழும். தெருவெங்கும் தேங்காய் எண்ணெய் வாசனை நிற்கும். மின்விளக்கு ஒரே அளவாய் நிற்கிற ஒளி. பந்தமோ மேளக்காரரின் முதுகு வியர்வையிலும் வெள்ளித் தகட்டிலும் ஆடுகிற ஒளி. ஆட்டத்தின் அசைவை இரட்டிப்பாக்குவது அதுதான். பேழை சுமக்கும் யானையின் கால் மண்ணில் படாதபடி முன்னால் விரித்துக்கொண்டே போகும் வெள்ளைத் துணிக்குச் சிங்களத்தில் பாவட என்று பெயர். நடைபாவாடை என்ற பழைய தமிழ்ச் சொல்லை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பேர் ஆண்டுதோறும் ஒரே நாளில் எப்படிக் கூடினார்கள் என்பதற்கு ஊர்வலத்திலேயே விடை இருக்கிறது. சாட்டைக்கும் கொடிக்கும் பின்னே முதல் யானையில் வருபவர் பெரமுனே ரால. அவர் கையில் இருப்பது லேகம் மிட்டிய என்னும் ஓலைப் பதிவேடு. கோயில் நிலம் எது, அதை உழுபவர் யார், அதற்கு ஈடாக அவர் செய்ய வேண்டிய ஊழியம் என்ன என்பதெல்லாம் அந்த ஓலையில் அடங்கும். மேளம் அடிப்பதும் பந்தம் பிடிப்பதும் துணி விரிப்பதும் கூலி வேலைகள் அல்ல. அவை நிலப் பங்கோடு பிறந்த கடமைகள். பங்கு கைமாறினால் கடமையும் கைமாறும். மேளப் பங்கு பெரவ சாதியாருக்கு உரியதாக இருந்தது. ஊரின் மிக நுணுக்கமான தாள அறிவு அவர்களிடம் இருந்தது, ஊரில் அவர்களுக்குத் தரப்பட்ட இடமோ கீழே. கலையைக் காத்ததும் கலைஞரைக் கட்டிப்போட்டதும் ஒரே ஏற்பாடுதான் என்பதை மறைத்து இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். அதே 1832இல் அரசுக்குச் செய்யும் ராஜகாரிய ஊழியம் ஒழிக்கப்பட்டது. கோயில் நிலங்களின் ஊழியம் மட்டும் விடப்பட்டது. 1870இன் ஊழிய நிலச் சட்டம், விரும்பினால் ஊழியத்துக்குப் பதில் பணம் கட்டலாம் என்றது. அதன்படி எந்தப் பங்குக்கு எந்த வேலை என்று ஊர் ஊராகப் பதிந்தார்கள். மேளக்காரரின் கடமை நாள் கணக்கோடு அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அப்போதுதான்.

அந்த ஆண்டுகளில் கண்டியைச் சுற்றிய மலைகளில் இன்னொரு மேளமும் கேட்கத் தொடங்கியிருந்தது. கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிருக்கும் தமிழகத்திலிருந்து வந்த மக்கள் தப்பையும் கொண்டு வந்தார்கள். மாசியில் காமன் கூத்துக்கு விடிய விடிய அடித்த தப்பே, மற்ற நாட்களில் விடியுமுன் தொழிலாளர் வசித்த லயங்களை எழுப்பி, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு அழைத்தது. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்தில் தோட்டத்து விடியல் மேள ஒலியோடு வருவது அதனால்தான். மலையின் ஒரு பக்கம் கோயில் நிலத்துக்குக் கட்டுப்பட்ட மேளம், மறுபக்கம் தோட்டத்து மணிக்கணக்குக்குக் கட்டுப்பட்ட தப்பு. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் கண்டியின் ஒலி முழுமையாகும்.

இந்த ஒலியும் படமும் கலைப்பொருளாக ஒன்றுசேர்ந்தது ஒரு தேயிலை விளம்பரத்தின் பெயரால். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் 1934இல் பேசில் ரைட் எடுத்த படம் ‘சோங் ஒஃப் சிலோன்’. தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். ஏறத்தாழ 40 நிமிடப் படம், நான்கு பகுதி. ஒலி இல்லாமல் இலங்கையில் படம் பிடித்து, ஒலியை லண்டனில் தனியாகக் கட்டினார்கள். வால்டர் லீ இசையமைத்தார், கவல்கன்டி ஒலிக்கு வழிகாட்டினார். பின்னணியில் பேசும் குரல் கொழும்பைச் சேர்ந்த புகைப்படக் கலைஞரும் பியானோ கலைஞருமான லயனல் வென்டினுடையது. அவர் படிப்பது நொக்ஸின் 1681ஆம் ஆண்டு வாசகம். அந்தக் கைதியின் சொற்கள் 253 ஆண்டுகள் கழித்து இப்படிக் கண்டிப் படங்களின் மேல் வந்து அமர்ந்தன.

படத்தின் மூன்றாம் பகுதியே இங்கே முக்கியமானது. திரையில் யானை மரத்தைத் தள்ளுகிறது, பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். காதில் விழுவது சந்தை விலையும் கடிதத் தொடர்களும் கப்பல் செய்தியும். படம் ஓரிடத்தில், ஒலி வேறிடத்தில். இரண்டும் மோதும்போது கொழுந்து எங்கே போகிறது, விலையை யார் சொல்கிறார்கள் என்பது விளக்கமின்றியே புரிகிறது. நான்காம் பகுதியில் கண்டி ஆட்டம் மேளத்தோடு உச்சத்துக்கு ஏறுகிறது. 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் இதற்கு முதற்பரிசு கிடைத்தது. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் அந்தப் படத்தில் குரல் இல்லை. ஒலியை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட படத்தில் அது ஒரு பெரிய குறைதான்.

ஒலியை ஓர் இடத்தோடு பிணைத்து, கேட்பவரையும் அதற்குள் நிறுத்தும் நிறுவல் கலை மேற்கே பிறந்தது இந்தப் படத்துக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து. கொரியக் கலைஞர் நாம் ஜுன் பைக் 1963இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் காட்சிக்கு வைத்தார். ஒலி நிறுவல் என்ற பெயரைத் தந்தவர் மக்ஸ் நியூஹவுஸ் (1939–2009). அவர் தொழிலால் மேளக்காரர். மேடைக் கச்சேரியை விட்டு வெளியேறி, 1967இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு சாலையோரம் சிறு வானொலி ஒலிபரப்பிகளைப் பொருத்தினார். கார் ஓட்டிச் செல்பவர் தம் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப வேறு வேறு ஒலிச்சேர்க்கையைக் கேட்டார். 1977இல் நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் நடைபாதைக் கம்பித்தட்டுக்குக் கீழே இடையறாத ஓர் ஒலியை அமைத்தார். அவருடைய கலையில் ஒலி நிற்கிறது, கேட்பவர் நகர்கிறார். கண்டியில் கேட்பவர் நிற்கிறார், ஒலி நகர்கிறது. எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துக் கேட்பது மாறும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. பெரஹராவின் மேளக்காரர் அந்தக் கலைக்கு யாரிடமும் பெயர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

20ஆம் நூற்றாண்டில் யானைகளின் உடையில் மின்குமிழ்கள் ஏறின. அவற்றை எரிக்கும் பற்றரியும் யானையோடு நடந்தது. தொலைக்காட்சி 1979இல் இலங்கைக்கு வந்தது, 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. அதன் பின் பெரஹரா வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. கெமரா முன்னால் எது நிற்கிறதோ அதன் மேளமே உரத்துக் கேட்கும். தூரத்து மேளம் வந்து கலந்து தேய்வது திரையில் இல்லை. கொரோனாக் காலத்தில் பார்வையாளர் இல்லாத வெறுந்தெருவில் ஊர்வலம் நடந்தபோது, பாய் விரித்து உட்காரும் அந்தக் கூட்டமும் விழாவின் ஒரு பகுதி என்பது நன்றாகவே தெரிந்தது.

பேழை சுமந்த புகழ்பெற்ற யானை ராஜா 1988இல் இறந்தபின் பாடம் செய்யப்பட்டு மாளிகை வளவில் தனி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் முன்னும் பின்னும் அத்தனை ஆண்டுகள் மேளம் அடித்து நடந்தவர்களுக்கு அப்படி ஒரு கூடம் இல்லை. அவர்களுடைய ஒலியைக் கேட்க விரும்புபவர் எசல மாதம் வரை காத்திருக்க வேண்டாம். தலதா மாளிகையில் விடியற்காலை, முற்பகல், மாலை என்று நாளுக்கு மூன்று பூசை. மூன்றுக்கும் கீழ்த்தள மண்டபத்தில் தவுலவும் தம்மெட்டமவும் ஹொரணாவவும் ஒலிக்கின்றன.