செசில் விடுதியும் படப்பை விடுதிகளும்

படப்பையில் வாழும் நாங்கள் சிம்லாவின் சொகுசு விடுதி ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர்கள் வினவக்கூடும். 'விடுதி' என்னும் சொல்லே அதற்குக் காரணம். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து ஒரகடம் நோக்கிச் செல்வோர் இச்சொல்லைப் பல பெயர்ப்பலகைகளில் காணலாம். தொழிற்சாலைகளுக்கு வரும் கொரிய, சப்பானியப் பொறியாளர்கள் தங்கும் குளிரூட்டப்பட்ட கட்டடமும் விடுதிதான். வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஓர் அறையில் பலராகப் படுத்துறங்கும் கட்டடமும் விடுதிதான். சென்ற ஆண்டு நண்பர்கள் நால்வர் சிம்லா சென்று செசில் விடுதியில் ஓரிரவு தங்கியபோது, இந்த இரு விடுதிகளையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அப்பேச்சின் விரிவே இக்கட்டுரை.

இன்று இமாச்சலப் பிரதேசத்தின் தலைநகராக விளங்கும் சிம்லா, 1864 முதல் பிரித்தானிய இந்தியாவின் கோடைத் தலைநகராக இருந்தது. அவ்வாண்டில் வைஸ்ராயாக இருந்த ஜான் லாரன்சு, கல்கத்தாவின் வெப்பத்திலிருந்து விலகி ஆண்டின் பெரும்பகுதியை மலையில் கழிக்க முடிவு செய்தார். சென்னை மாகாண அரசு கோடையில் உதகமண்டலத்திற்குப் பெயர்ந்த வழக்கத்தை நாம் அறிவோம். சிம்லாவில் நிகழ்ந்ததும் அதுவே. ஆயினும் அளவில் மிகப் பெரிது. ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து, அரசின் கோப்புகளும் எழுத்தர்களும் ஏவலர்களும் ஆண்டுதோறும் மலையேறினர். 1903 நவம்பரில் கால்கா - சிம்லா இருப்புப்பாதை திறக்கப்படும்வரை, கால்காவிற்கு அப்பால் குதிரை வண்டிகளும் மாட்டு வண்டிகளும் கோவேறு கழுதைகளும் மனித முதுகுகளுமே இப்பேரரசைச் சுமந்தன.

மலைமேல் சேர்ந்த பின்னரும் சுமத்தல் முடியவில்லை. நகரின் முதன்மைச் சாலைகளில் வைஸ்ராய், படைத்தலைவர், பஞ்சாப் ஆளுநர் ஆகிய மூவருக்கு மட்டுமே வண்டியில் செல்லும் உரிமை இருந்தது. ஏனையோர் நடக்கவேண்டும், குதிரையேற வேண்டும், இன்றேல் மனிதர் இழுக்கும் ரிக்சாவில் அமரவேண்டும். செங்குத்தான சாலைகளில் ஒரு ரிக்சாவிற்கு நால்வர் தேவைப்பட்டனர். இருவர் முன்னின்று இழுக்க, இருவர் பின்னின்று தள்ளினர். சுற்றியுள்ள மலைநாட்டு உழவர்கள்மீது 'பேகார்' எனும் கட்டாய உழைப்பும் சுமத்தப்பட்டிருந்தது. அதிகாரிகளின் மூட்டைகளையும் அஞ்சலையும் அவர்கள் சுமந்தாக வேண்டும். கோட்கட்டில் குடியேறியிருந்த அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்சு இக்கொடுமையை எதிர்த்து 1920-21இல் மக்களைத் திரட்டினார். இமாச்சலத்து ஆப்பிள் தோட்டங்களுக்கு வித்திட்டவர் என்றே பலரும் அறிந்த அவருடைய இந்தப் போராட்டம், ஆப்பிளினும் பெரிய தொண்டு என்பது எங்கள் கருத்து.

அதே 1921 மே மாதத்தில் வைஸ்ராய் ரீடிங் பிரபுவைச் சந்திக்கக் காந்தியடிகள் முதன்முறையாகச் சிம்லா வந்தார். மக்களை விட்டு விலகி ஐந்நூறாம் மாடியில் அமர்ந்து நடத்தப்படும் ஆட்சி என்னும் பொருள்படத் தம் நவஜீவன் இதழில் அவர் எழுதினார். மலைத் தலைநகரைப் பற்றி இதனினும் பொருத்தமான உவமையை நாம் கண்டதில்லை.

அம்மாடியின் சிறந்த அறைகளுள் சில செசிலில் இருந்தன. சௌரா மைதானத்தில், வைஸ்ராய் மாளிகைக்குச் செல்லும் வழியில் அமைந்தது இவ்விடுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடுதியாக மலர்ந்த இவ்விடத்திற்கு 1922இல் வேலை தேடி ஓர் இளைஞர் வந்தார். பஞ்சாபின் பௌன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த மோகன் சிங் ஓபராய் என்னும் அவருக்கு மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. 1934இல் மனைவியின் நகைகளையும் அடகு வைத்துச் சிம்லாவின் கிளார்க்சு விடுதியை வாங்கினார். 1943இல் செசிலை உள்ளடக்கிய விடுதிக் குழுமமே அவர் கைக்கு வந்தது.

ஈராண்டுகள் கழித்து, 1945 சூன் 25 முதல் சூலை 14 வரை வேவல் பிரபு கூட்டிய சிம்லா மாநாட்டின்போது, முகமது அலி ஜின்னா இதே செசிலில் தங்கினார். சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் என்னும் முறையில் இராஜாஜி அம்மாநாட்டில் பங்கேற்றார். மாநாடு தோல்வியுற்றது. நாட்டின் ஒற்றுமையைக் காக்கக் கிடைத்த இறுதி வாய்ப்புகளுள் ஒன்று அந்த மலைமுகட்டில் நழுவியது என்பர்.

1984இல் மூடப்பட்ட செசில், புதுப்பிக்கப்பட்டு 1997இல் மீண்டும் திறக்கப்பட்டது. நாங்கள் தங்கிய இரவில் மரத்தளம் பளபளக்கும் நடுமுற்றத்தில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை. அறையில் குளிர் நுழையவில்லை. மறுநாள் காலை வெளியே நடந்தபோது, காஷ்மீரிலிருந்து வந்த சுமைதூக்கி ஒருவர் எரிவாயு உருளைகளை முதுகில் கயிற்றால் கட்டிக்கொண்டு படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். நிமிர்ந்து பார்க்க அவரால் இயலவில்லை.

செசிலில் தங்கியோரின் பெயர்களை நூல்கள் கூறுகின்றன. எழுத்தராக நுழைந்து உரிமையாளரானவரின் பெயரும் நிலைத்துவிட்டது. அது தகுதியான புகழே. ஆனால், ரிக்சா இழுத்த நால்வருள் ஒருவரின் பெயரையாவது கூறுக என்றால் நம்மால் இயலுமா? அவர்கள் எங்கே உறங்கினர், என்ன உண்டனர், எத்தனை ரூபாயை ஊருக்கு அனுப்பினர் என்பதை எந்த விருந்தினர் பதிவேடும் குறித்து வைக்கவில்லை.

ஊர் திரும்பிய பின் எங்களை உறுத்தியது இதுவே. படப்பையைச் சுற்றி இன்று ஒரு பெரும் வரலாறு நிகழ்ந்துகொண்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990களில் தொடங்கிய மகிழுந்துத் தொழில், 2010இல் ஒரகடத்திலும் பெரிய ஆலையாக எழுந்தது. ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் பல்லாயிரவர் வந்து தங்குகின்றனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் பணியாளர்கள் தங்கத்தக்க விடுதியைத் தமிழக அரசு 706.50 கோடி ரூபாய்ச் செலவில் கட்டித் திறந்தது. சிம்லாவின் ரிக்சாக்காரரை எண்ணும்போது, இது ஒரு முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் கூரை அமைத்தல் வேறு, வரலாற்றில் இடம் அளித்தல் வேறு. தொழிற்சாலையின் அடிக்கல் நாட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அதன் இரவுநேரப் பணிமுறை முடிந்து பேருந்தில் உறங்கியபடியே படப்பையைக் கடக்கும் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. ஐம்பதாண்டுகள் கழித்து இவ்வூர் வரலாற்றை எழுத வருபவருக்கு, சிம்லாவில் நமக்கு நேர்ந்த அதே வெறுமை நேரக்கூடும்.

ஆதலின் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலுள்ள விடுதியில் தங்கியிருப்போரிடம் அவர்தம் ஊரையும் பயணத்தையும் கேளுங்கள்; அவர்கள் இசைந்தால் எழுதி வையுங்கள். கல்வெட்டுகளைத் தேடி நெடுந்தொலைவு செல்லும் நாம், வாயிற்படியில் நிற்கும் சான்றினை இழந்துவிடலாகாது.